கரையேறிய ஒரு கடற்சொல்

ஆங்கில நாளிதழ் படிக்கும் பழக்கமுடைய தமிழருக்கு ‘மேக் ஹெட்வே’ என்னும் தொடர் புதிதன்று. இரு நாட்டார் எல்லைத் தகராறு குறித்துப் பேசுகின்றனர்; பேச்சில் ‘ஹெட்வே’ ஏதும் இல்லை என்று செய்தி வருகிறது. கொலை வழக்கொன்றில் காவல்துறை சிறிது ‘ஹெட்வே’ கண்டது என்கிறார்கள். நோயொன்றுக்கு மருந்து தேடும் ஆய்வாளர் மெல்ல ‘ஹெட்வே’ செய்து வருகின்றனர் என்கிறார்கள். தமிழ்ப் பதிப்பில் இவை அனைத்தும் ‘முன்னேற்றம்’ என்ற ஒரே சொல்லாக வந்து நிற்கும். அகராதிகளும் அவ்வாறே பொருள் கூறும். அதனைப் பிழை என்று சொல்ல இயலாது. ஆயினும் பெயர்ப்பில் ஏதோ ஒன்று உதிர்ந்துவிடுகிறது. உதிர்ந்தது யாதென அறிய வேண்டின், அச்சொல் உலவும் முறையை முதலில் நோக்கி, பின்பு அது பிறந்த கடலுக்குச் செல்லுதல் தகும்.

ஒரு சொல்லின் இயல்பை அதன் பொருளைவிட அதன் கூட்டாளிகள் நன்கு காட்டிக் கொடுக்கும். ‘ஹெட்வே’ என்பதன் முன் வந்து அமரும் சொற்களைப் பாருங்கள்: ‘சிறிதே’, ‘ஒன்றும் இல்லாத’, ‘சற்று’, ‘மெதுவான’, ‘ஓரளவு’. ‘மிகுந்த’ என்பது வருமிடத்தும் பெரும்பாலும் எதிர்மறை வினையோடு இணைந்தே வரும். மிகுந்த ‘ஹெட்வே’ இல்லை என்று முடியும். வெற்றி விழாவில் இச்சொல் அரிதாகவே ஒலிக்கும். பணி நிறைவுற்ற பின் எவரும் இதனைச் சொல்வதில்லை. நடுவழியில் நிற்பவரே சொல்கின்றனர். பின்னொட்டுகளும் அவ்வாறே. ஒன்றனை ‘எதிர்த்து’ ஹெட்வே செய்யலாம். ஒன்றனோடு மல்லாடி ஹெட்வே செய்யலாம். ஒன்றனை ‘நோக்கி’ ஹெட்வே செய்யலாம். ஒன்றனை ‘அடைந்து’ ஹெட்வே செய்தல் ஆங்கிலத்தில் இல்லை.

இலக்கணமும் கவனிக்கத்தக்கது. இப்பொருளில் இச்சொல் எண்ணப்படாப் பெயர். ஒரு ஹெட்வே, இரண்டு ஹெட்வே எனக் கூறுதல் ஆங்கில மரபன்று. நீரை எண்ணாதது போல இதனையும் எண்ணுவதில்லை. இந்திய ஆங்கில இதழ்களில் இதன் முன் ‘எ’ என்னும் அடையைச் சேர்த்து எழுதும் வழக்கம் பரவலாகக் காணப்படுகிறது. தமிழில் ‘ஒரு முன்னேற்றம்’ என்று எழுதிப் பழகிய கை ஆங்கிலத்திலும் அவ்வாறே எழுதியது போலும். இங்கிலாந்தின் ஆசிரியர் சிவப்பு மையால் அதனை அடித்துவிடுவார். அடிகளை எண்ணிச் சொல்ல வேண்டுமாயின் ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரைட்ஸ்’ என்னும் பன்மைச் சொல் தனியே உண்டு. அது நடப்பவனுடைய சொல். அவன் பின்னால் காலடித் தடங்கள் கிடக்கும், எண்ணிக்கொள்ளலாம். நீரில் தடம் ஏது?

‘ஹெட்’ என்பது தலை. ‘வே’ என்பது வழி. பழைய ஆங்கிலத்தில் தலைவழி என்பது பெருஞ்சாலையைக் குறித்தது. தலைநகர், தலைவாயில் என்று தமிழில் சொல்வது போன்ற ஆட்சி அது. 1300 அளவில் எழுதப்பட்டவற்றிலும் அப்பொருளே. இன்று வழங்கும் முன்செல்கைப் பொருள் அந்தச் சாலையிலிருந்து வந்ததன்று. கப்பலின் தலைப்பக்கம் நோக்கிய நகர்வு என்னும் கருத்தில் கடலோடிகள் ‘அஹெட்’, ‘வே’ என்ற இரு சொற்களை ஒட்டிச் சுருக்கிக்கொண்டனர் என்பர். இப்பொருளுக்கு அகராதியார் காட்டும் முதல் எழுத்துச் சான்று 1748ஆம் ஆண்டினது. கடலைவிட்டு வெளியேறிப் பொதுவாக எக்காரியத்தின் முன்செல்கைக்கும் வழங்கிய சான்று 1775ஆம் ஆண்டினது. இடையில் 27 ஆண்டுகளே. ஒரு சொல் கரையேற அது குறுகிய காலம்.

கடலில் அது தனியே பிறக்கவில்லை, உடன்பிறந்தார் உண்டு. காற்று அடிக்கும் திசையில் கப்பல் பக்கவாட்டில் ஒதுங்குவது ‘லீவே’. பின்பக்கமாக நகர்வது ‘ஸ்டெர்ன்வே’. சுக்கான் சொன்னபடி கேட்பதற்கு வேண்டிய குறைந்த அளவு ஓட்டம் ‘ஸ்டீரேஜ்வே’. ஆக, ‘வே’ என்பது கடலோடியின் வாயில் வழியன்று. நீரினூடே கப்பல் கொண்டிருக்கும் ஓட்டம். நிற்கும் கப்பலின் சுக்கானை எப்பக்கம் திருப்பினும் பயனில்லை. சுக்கானை உரசி நீர் ஓட வேண்டும். அப்போதுதான் அணியம் திரும்பும். திசையை முடிவு செய்துகொண்டு பின்பு நகரலாம் என்பது தரைவாழ்வோர் எண்ணம். கடலில் நகர்ந்தால்தான் திசையையே தேர்ந்துகொள்ள இயலும்.

காற்றுக்கு எதிரே செல்லுதல் என்றால் என்னவென்பதை இன்று விளக்கித்தான் சொல்ல வேண்டியுள்ளது; எந்திரக் கப்பலில் ஏறியவர்க்கு அது தெரியாது. பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்க்கப்பல் குறுக்கு மரங்களில் சதுரப் பாய் கட்டியது. பின்னிருந்து வரும் காற்றுக்கு அது அரசன், எதிர்க்காற்றுக்கு அடிமை. திசைகாட்டியின் வட்டத்தை 32 கூறாக்குவர். ஒரு கூறு பதினொன்றேகால் பாகை. சதுரப் பாய்க் கப்பல் காற்று வரும் திசைக்கு ஆறு கூறு, அதாவது 67½ பாகை அளவே நெருங்கிச் செல்ல முடியும். எனவே நேரெதிர்த் திசைக்குப் போக வலப்புறம் சிறிது ஓடி, பின்பு திரும்பி இடப்புறம் சிறிது ஓடி, வாள்பற்கள் போல வளைந்து வளைந்து ஏற வேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால், காற்றுக்கு எதிரே ஒரு மைல் பெறுவதற்கு இரண்டரை மைலுக்கு மேல் ஓட வேண்டும். இதுவும் கப்பல் சிறிதும் பக்கவாட்டில் ஒதுங்காத போது. ஒரே ஒரு கூறு ‘லீவே’ சேர்ந்துவிட்டால் அந்த ஒரு மைலுக்கு ஐந்து மைல் ஓட வேண்டியதாகிறது. அலை பெருத்து, பாய் சுருக்கிய வேளையில் ஒதுக்கம் ஒரு கூற்றோடு நிற்பதில்லை. அப்போது நாள் முழுதும் ஓடியும் மாலையில் கப்பல் புறப்பட்ட இடத்துக்குப் பின்னால் நிற்கும்.

திரும்பும் கணம் இன்னும் இடர்மிக்கது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் திரும்புகையில் அணியம் காற்றின் கண்ணையே கடந்தாக வேண்டும். அந்தச் சில நொடிகளில் பாய்கள் ஓட்டம் தருவதில்லை, மாறாகத் தடுக்கின்றன. ஏற்கெனவே சேர்த்துவைத்த ஓட்டந்தான் கப்பலைத் திருப்புகிறது. அது போதாவிடின் கப்பல் காற்றின் முகத்தில் தவித்து நிற்கும். பாய்கள் மரத்தோடு அறைபட்டுப் பின்னோக்கி நகரத் தொடங்கும். பாய் இவ்வாறு பின்னோக்கி அறைபடுதலைச் சொன்ன ‘டேக்கன் அபேக்’ என்னும் தொடரே பின்னாளில் திகைத்துப்போதலைக் குறித்தது. ஆங்கிலேயர்க்கு எந்தத் தொடருக்கும் கடற்பிறப்புக் கற்பித்துப் பார்ப்பது ஒரு பொழுதுபோக்கு. அவற்றுட் பல வெறுங்கதை. ‘ஹெட்வே’யும் அதன் உடன்பிறப்புகளும் அத்தகையன அல்ல, இவை மெய்யாகவே உப்புநீரில் நனைந்தவை.

இனி, ஓட்டத்தை அளந்தது எங்ஙனம்? முக்கோண வடிவில் ஒரு மரத்துண்டு. ஒரு விளிம்பில் ஈயம் வைத்து நீரில் நிமிர்ந்து நிற்கச் செய்வர். அதில் கட்டிய கயிற்றில் ஒரே அளவான இடைவெளியில் முடிச்சுகள். கட்டையைப் பின்பக்கம் நீரில் எறிவர். அது ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நிற்கும். கப்பல் விலகிச் செல்லும். கயிறு உருளையிலிருந்து அவிழும். ஏறத்தாழ அரை நிமிடம் ஓடும் மணற்கடிகை வடிந்து முடியும்போது கைவழியே ஓடிய முடிச்சுகளை எண்ணுவர். கப்பலின் வேகத்தை இன்றும் ‘நாட்’ என்னும் முடிச்சுக் கணக்கில் சொல்வது இதனால்தான். எளிய கருவி; நேர்மையான கருவி. ஆனால் அதற்குத் தெரியாத ஒன்று உண்டு. கட்டை கிடக்கும் நீரே நகர்ந்துகொண்டிருந்தால் கட்டை அதனைச் சொல்லாது. நீரினூடே கப்பல் எவ்வளவு சென்றது என்பதை அது காட்டும். நிலத்தைப் பொறுத்து எவ்வளவு சென்றது என்பதைக் காட்டாது. தென்கரை மீனவர் நீவாடு என்று சொல்லும் நீரோட்டத்தை அறிந்தவர்க்கு இதில் வியப்பிராது.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு எத்துணைக் கொடியது என்பதற்கு ஜார்ஜ் ஆன்சனின் பயணம் சான்று. ஸ்பெயினோடு மூண்ட போரில், பசிபிக் கரையிலிருந்த அந்நாட்டுக் குடியேற்றங்களைத் தாக்குமாறு பிரிட்டன் 1740 செப்டம்பரில் அவரை அனுப்பியது. ஆறு போர்க்கப்பல்கள், சரக்கேற்றிய இரு சிறு கப்பல்கள், ஏறத்தாழ 1,900 மனிதர். படைவீரர் போதாமையால் செல்சி மருத்துவமனையின் ஓய்வூதியப் பட்டியலிலிருந்த 500 முதியோரை ஏறச் சொன்னார்கள். நடக்கக் கூடியவர் தப்பியோடிவிட்டனர். எஞ்சிய 259 பேர் ஏற்றப்பட்டனர். போர் நடத்தும் அரசுகள் கணக்கை நிரப்பும் முறை எக்காலத்தும் ஒன்றுதான்.

புறப்பாடு தாமதமாயிற்று. 1741 மார்ச் மாதம், தென்கோளத்தில் கோடை முடிந்து கொந்தளிப்புத் தொடங்கும் பருவத்தில், கப்பல்கள் தென்னமெரிக்காவின் தென்கோடிக்கு வந்தன. ஹார்ன் முனையைச் சுற்றி மேற்கே செல்ல வேண்டும். அங்கே காற்று மேற்கிலிருந்து வீசுவது. நீரோட்டமும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுவது. இரண்டும் எதிரே. வாரக்கணக்கில் கப்பல்கள் வளைந்து வளைந்து மேற்கே ஏறின. பாய்கள் கிழிந்தன. ஸ்கர்வி நோய் பரவியது. பல் ஈறு அழுகி, பழைய புண்கள் மீண்டும் வாய்திறந்து ஆட்கள் மடிந்தனர். உயிர்ச்சத்து ‘சி’ என்பது அறியப்படாத காலம். ஒவ்வொரு நாளும் கட்டை எறியப்பட்டது, முடிச்சுகள் எண்ணப்பட்டன, மேற்கே இத்தனை மைல் என்று ஏட்டில் எழுதப்பட்டது. அந்தக் கணக்கு ஒரு நாள் போதும் என்றது. நிலத்தைவிட்டு வெகுதூரம் மேற்கே வந்தாயிற்று. இனி வடக்கே திரும்பலாம்.

திரும்பினார்கள். ஏப்ரல் நடுவில் ஓர் இரவு, முன்னே சென்ற ‘அன்னா’ என்னும் சிறு கப்பல் பீரங்கி முழக்கி விளக்குகளைக் காட்டிற்று. நிலவொளியில் எதிரே கரும்பாறை நின்றது. டியரா டெல் பியூகோவின் நொய்ர் முனை அது. இரண்டு மைல் தொலைவுகூட இல்லை. அதற்குப் பத்துப் பாகைக்கு மேல் மேற்கே இருப்பதாகக் கணக்கு சொல்லியிருந்தது. அந்த அட்சரேகையில் பத்துப் பாகை என்பது ஏறத்தாழ 350 கடல்மைல். ‘சாண் ஏறினால் முழம் சறுக்கும்’ என்னும் பழமொழி மரத்தில் ஏறுபவனுக்கு உரியது. அவன் சறுக்குவதை உடனே உணர்வான். இவர்கள் சறுக்கியதை உணரவில்லை. நீரினூடே முன்சென்றது உண்மை. அந்நீர் அவர்களைச் சுமந்து பின்சென்றதும் உண்மை.

அன்று தப்பிய ஆன்சனின் ‘செஞ்சூரியன்’ பின்னர் மற்றக் கப்பல்களைப் பிரிந்து, ஜுவான் பெர்னாண்டஸ் தீவைத் தேடியது. நல்ல நீரும் பசிய கீரையும் கிடைக்குமிடம் அதுவே. தீவின் அட்சரேகை தெரியும். அந்தக் கோட்டில் நின்றால் தீவு கிழக்கிலா, மேற்கிலா என்பது தெரியாது. மேற்கே ஓடிப் பார்த்தார். நம்பிக்கை குலைந்து கிழக்கே திரும்பினார். மே மாத இறுதியில் சிலி நாட்டின் பனிமூடிய மலைகள் தெரிந்தன. தீவு மேற்கேதான் இருந்தது. சில மணி நேர ஓட்டத்தில் அதனைத் தவறவிட்டுத் திரும்பியிருந்தார். மீண்டும் மேற்கே ஓடி, ஜூன் மாதத்தில் தீவை அடைந்தார். வீணான அந்த நாட்களில் மாண்டவர் எழுபது எண்பது பேர் என்று பயண நூல் குறிக்கிறது. 1744 ஜூனில் செஞ்சூரியன் மட்டுமே உலகைச் சுற்றி ஊர் வந்து சேர்ந்தது. புறப்பட்டோருள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்திருந்தனர்; பகைவர் கையால் மாண்டவர் மிகச் சிலர். பிடித்துவந்த மணிலாக் கப்பலின் வெள்ளி லண்டன் தெருக்களில் வண்டி வண்டியாக ஊர்வலம் போயிற்று.

இப்பயணத்தின் வரலாறு 1748இல் நூலாக வெளிவந்தது. ‘ஹெட்வே’க்கு முதற்சான்று காட்டப்படும் அதே ஆண்டு. நூலின் முகப்பில் கப்பலின் சமயகுரு ரிச்சர்டு வால்ட்டரின் பெயர் இருந்தது. எழுத்தில் பெரும்பங்கு பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் கணித அறிஞருடையது என்ற வழக்கு அன்றே எழுந்தது. இந்த ராபின்ஸ் தமிழ்மண்ணுக்கு உறவானவர். பீரங்கிக் குண்டின் வேகத்தை ஊசலைக் கொண்டு அளந்து, காற்று அதனைத் தடுக்கும் தடை அதுவரை எண்ணியிருந்ததைவிடப் பன்மடங்கு பெரிது என்று 1742ஆம் ஆண்டு நூலில் நிறுவியவர் அவர். கண்ணுக்குத் தெரியாத காற்று எவ்வளவு எதிர்க்கிறது என்பதை எண்ணால் சொன்ன மனிதர் என்று அவரைக் கூறலாம். கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைகளைச் சீர்படுத்த அவரைப் பொறியியல் தலைவராக அமர்த்தியது. 1750இல் வந்து சேர்ந்த அவர், மறு ஆண்டு ஜூலையில், கடலூர்த் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலால் இறந்தார். வயது 44.

ஆன்சன் கதையில் கசப்பான முரண் ஒன்றும் உண்டு. கடலில் தீர்க்கரேகையை அறியச் சரியான கடிகாரம் வேண்டும்; புறப்பட்ட ஊரின் நேரத்தையும் நடுக்கடலின் நண்பகலையும் ஒப்பிட்டால் இடைப்பட்ட தொலைவு தெரியும். ஜான் ஹாரிசன் என்னும் தச்சர் அத்தகைய கடிகாரத்தை முதன்முதலில் செய்து, 1736இல் சோதனைக்காக லிஸ்பனுக்குக் கொண்டுசென்றது இதே செஞ்சூரியன் கப்பலில்தான். திரும்புகையில் ‘ஆர்ஃபோர்டு’ என்னும் வேறு கப்பல். அதன் மாலுமிகள் ஒரு முனையைக் கண்டு இன்ன இடமென்று கூற, ஹாரிசன் இல்லையென்று மறுத்தார். ஏறத்தாழ 60 மைல் பிழை. கடிகாரம் சொன்னதே சரியாயிற்று. ஆயினும் ஐந்தாண்டு கழித்துச் செஞ்சூரியன் ஹார்ன் முனைக்குச் சென்றபோது அதில் முடிச்சுக் கயிறுதான் இருந்தது. ஹாரிசனின் நான்காம் கடிகாரத்தைப் பார்த்துச் செய்த ஒன்றைக் கொண்டு ஜேம்ஸ் குக் தம் இரண்டாம் பயணத்தை முடித்துத் திரும்பியது 1775 ஜூலையில். நீரினூடே சென்றது எவ்வளவு, நிலத்தைப் பொறுத்துச் சென்றது எவ்வளவு என்பதை நடுக்கடலிலேயே ஒப்பிட்டுப் பார்க்கும் காலம் தொடங்கிய அதே ஆண்டில், ‘ஹெட்வே’ என்னும் சொல் கடலைவிட்டுக் கரைமனிதரின் பேச்சில் ஏறியது. இரண்டும் ஓராண்டில் நிகழ்ந்தமை தற்செயலே எனினும், சொல் எதனை விட்டுவிட்டு வந்தது என்பதைக் காட்டுகிறது. கரைக்கு வந்த சொல்லோடு ஒப்பிட்டு அளக்கும் கருவி எதுவும் வரவில்லை. ‘பேச்சில் சிறிது ஹெட்வே’ என்று ஒரு நாட்டுத் தூதர் கூறும்போது, அது எறிகட்டைக் கணக்கா, நிலக்கணக்கா என்று கேட்பார் எவர்?

கவிஞர்கள் நினைவுகூரத்தக்க ஒருவர் இச்சொற்குடும்பத்தின் வரலாற்றில் இருக்கிறார். வில்லியம் ஃபால்கனர், ஸ்காட்லாந்தில் எடின்பரோவில் பிறந்த எளியவர், சிறுவயதிலேயே கப்பலேறியவர். கிரேக்கக் கரையருகே தாம் உயிர்பிழைத்த கப்பற்சேதத்தை 1762இல் ‘கப்பற்சேதம்’ என்னும் நெடும்பாட்டாக எழுதினார். மாலுமிகளின் தொழிற்சொற்களை அஞ்சாமல் கவிதைக்குள் கொண்டுவந்தமையே அதன் புதுமை. 1769இல் அவர் கடற்கலைச்சொல் அகராதியொன்றை வெளியிட்டார். ‘லீவே’ முதலிய சொற்களைத் தொழிலறிந்தவரின் துல்லியத்தோடு விளக்கிய நூல் அது. தலைமுறை தலைமுறையாக மறுபதிப்புப் பெற்றது. அதே ஆண்டு ‘அரோரா’ என்னும் போர்க்கப்பலில் இந்தியாவுக்குப் புறப்பட்டார். வங்காளத்தில் கம்பெனியின் ஆட்சியைச் சீர்தூக்க அனுப்பப்பட்ட மேற்பார்வையாளர் மூவரும் அதில் இருந்தனர். 1769 டிசம்பர் இறுதியில் நன்னம்பிக்கை முனையைவிட்டுக் கிளம்பிய அக்கப்பலை அதன் பின் எவரும் காணவில்லை. பாட்டில் ஒருமுறை மூழ்கிய கப்பலிலிருந்து தப்பியவர், இரண்டாவது தப்பவில்லை.

கரையேறிய பின் சொற்கள் பிறந்த வீட்டை மறப்பது இயல்பு. ‘லீவே’ முற்றும் மறந்துவிட்டது. கடலில் அது இழப்பு; ஒதுங்கிய தொலைவு. இழந்ததை மீட்பதை ‘லீவேயை ஈடுகட்டுதல்’ என்று இங்கிலாந்தில் இன்றும் சொல்வர். ஆனால் ஒதுங்குவதற்கென்று முன்கூட்டியே இடம் விட்டுவைக்கும் மாலுமியின் எச்சரிக்கையிலிருந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில், ‘விட்டுக்கொடுக்கப்பட்ட இடம்’, ‘சலுகை’ என்னும் பொருள் கிளைத்தது. இன்று அதிகாரி ஒருவருக்கு லீவே கொடுக்கப்படுகிறது என்றால் அவர் மகிழ்கிறார். காற்று தள்ளிய துன்பம் உரிமையாகிவிட்டது. ‘ஹெட்வே’ அவ்வாறு தலைகீழாகவில்லை. வேறு தொழில்களுக்குப் போய் வேறு பொருள் பெற்றதுண்டு. பாலத்தின் வளைவுக்கும் அடியில் செல்வோர் தலைக்கும் இடைப்பட்ட உயரம் அதில் ஒன்று. வட இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் வெட்டப்படும் வழிகளுக்கும் அப்பெயர் உண்டு. இருப்புப்பாதையில் ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் உள்ள கால இடைவெளி ‘ஹெட்வே’. நகரப் பேருந்து நேரக்கணக்கரும் அவ்வாறே சொல்வர். பேருந்துக்காகக் காத்து நிற்பவருக்கு ‘ஹெட்வே’ குறைவாக இருப்பதே நல்லது என்பது இதன் வேடிக்கை. ஆக்ஸ்போர்டு பதிப்பகம் 1986 முதல் வெளியிட்டுவரும் ஆங்கிலப் பாடநூல் வரிசைக்கும் இதுவே பெயர். மொழி கற்பவன் நிலையைக் கருதினால் பொருத்தமான பெயர்தான்.

நீராவி வந்து பாய்கள் இறங்கிய பின்னும், தரைமனிதர் வாயில் இச்சொல் பழைய எதிர்க்காற்றைச் சுமந்துகொண்டே திரிகிறது. ‘சிறிதே’, ‘ஒன்றும் இல்லாத’ என்னும் அடைகளும் ‘எதிர்த்து’ என்னும் ஒட்டும் அக்காற்றின் எச்சங்கள். பேசுவோர் கப்பலைப் பார்த்திராவிடினும் இலக்கணம் அதனை நினைவில் வைத்திருக்கிறது.

தமிழ் பெயர்ப்பில் உதிர்வது அந்தக் காற்று. தமிழிலும் கடல் உருவகங்கள் இல்லாமலில்லை. கரையேறினான், கரைசேர்ந்தான் என்பன அன்றாட வழக்கு. இவை பயணத்தின் முடிவைச் சொல்பவை. ‘ஹெட்வே’யோ கரை தெரியாத இடத்தில் நிற்பது. பிறவியைப் பெருங்கடலாகக் கண்ட வள்ளுவரும் நீந்திக் கடப்பதையே பேசினார். எதிர்நீச்சல் என்னும் சொல் காற்றுக்கு மிக நெருங்கி வருகிறது. ஆயினும் அதில் முயற்சியின் கடுமையே முன்னிற்கும். கிடைத்த தொலைவு எவ்வளவு என்ற கேள்வி அதில் இல்லை. காற்றை வைத்துத் தமிழர் சொன்ன புகழ்பெற்ற பழமொழியோ களத்துமேட்டினது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளச் சொல்வது. கடலோடியாத மக்கள் என்று இதனால் முடிவு கட்டுதல் தவறு. கரிகாலனின் முன்னோன் ஒருவன் காற்றின் இயக்கத்தை ஆண்டு கலம் செலுத்தியதை வெண்ணிக் குயத்தியார் புறநானூற்றின் 66ஆம் பாட்டில் போற்றுகிறார். இந்துமாக் கடலின் காற்று ஆண்டுக்கு இருமுறை திசை மாறுவது. பருவம் பார்த்துப் பாய் விரித்தால் போகும்போதும் பின்காற்று, வரும்போதும் பின்காற்று. ஹார்ன் முனையில் வாரக்கணக்கில் மல்லாடியவனுக்கு வேண்டியிருந்த சொல், பருவத்துக்குக் காத்திருக்கக் கற்றவனுக்கு அவ்வளவாக வேண்டியிருந்திராது.

‘முன்னேற்றம்’ என்னும் சொல்லில் ‘ஏற்றம்’ உள்ளது. அது மேலே போகும் சொல். வாழ்வு உயர்தல், நாடு வளர்தல், ஒரு குலம் தலைநிமிர்தல் எல்லாம் அதற்குள் அடங்கும். மேடைக்கும் திட்ட அறிக்கைக்கும் உகந்த அச்சொல்லை, எதிர்க்காற்றில் ஐந்து மைல் ஓடி ஒரு மைல் பெற்றவனுக்குக் கொடுத்தால், அவன் பெற்றதைவிட மிகுதியாகக் கொடுத்ததாகும். பேச்சுவார்த்தை ‘சிறிது முன்னேற்றம் கண்டது’ என்று காலையில் படிக்கும் தமிழ் வாசகன், முடிவு அணுகிவிட்டதென எண்ணுவதும் மறுநாள் ஏமாறுவதும் இதனால் நேர்வன. ஆங்கிலம் படித்தவன் அந்த அளவு எதிர்பார்ப்பதில்லை. சொல்லே அவனை அடக்கி வைக்கிறது.

மொழிபெயர்ப்போர்க்குத் தமிழில் வேறு சொற்கள் இல்லாமற் போகவில்லை; அவை பெரும்பாலும் பேச்சு வழக்கில் கிடக்கின்றன. ‘வேலை நகர்ந்தபாடில்லை’ என்று கொத்தனார் சொல்வதில் ‘ஒன்றும் இல்லாத ஹெட்வே’ முழுமையாக உள்ளது. ‘கொஞ்சம் நகர்ந்திருக்கிறது’ என்பதில் ‘சிறிதே’ உள்ளது. உயர்ச்சி இல்லை, வெற்றி இல்லை, ஐயமும் கலந்திருக்கிறது. ‘நகர்தல்’ எளிய சொல் என்று இதழாசிரியர் ஒதுக்குவர். பதினெட்டாம் நூற்றாண்டு மாலுமியின் ‘ஹெட்வே’யும் எளிய சொல்லாகவே இருந்தது. எதிர்ப்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டுமிடத்தில் ‘எதிர்த்து நகர்தல்’ என்று கூட்டிக்கொள்ளலாம். ‘ஸ்டீரேஜ்வே’க்கு மட்டும் இன்னும் தமிழ் அமையவில்லை. சுக்கான் கேட்கும் அளவுக்கேனும் ஓட்டம் என்பதைச் சுக்கானோட்டம் என்றால் பொருந்துமா என்பதை, சொல்லைச் செவியால் எடைபோடும் கவிஞர்கள்தாம் சொல்ல வேண்டும்.